அதே நம்பர்

"கிரியாட்டினின் 1.1 சார். போன வருஷமும் இதேதான். கிட்னி நல்லாயிருக்கு," என்றார் டாக்டர்.

"நான்தான் சொன்னேனே. வா, வீட்டுக்குப் போகலாம்," என்று கணவர் ஊன்றுகோலை எடுத்தார்.

தையல் கடை வைத்திருக்கும் மனைவி நகரவில்லை. "நம்பர் அதேதான் டாக்டர். ஆள் அதே ஆள் இல்லையே! இடுப்பெலும்பு உடைஞ்சு ஆறு மாசம் படுத்திருந்தாரு. பேண்ட்டையெல்லாம் நாலு அங்குலம் பிடிச்சுத் தச்சிருக்கேன். கிரியாட்டினின் தசையிலிருந்துதானே வருது? தசை கரைஞ்சா நம்பரும் இறங்கணும். இறங்கலைன்னா, கிட்னி அதைச் சரியா வெளியேத்தலைன்னுதானே அர்த்தம்?"

"உனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்று கணவர் முணுமுணுத்தார்.

டாக்டர் யோசித்தார். தசையைப் பொறுத்து மாறாத இன்னொரு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் முடிவு வந்தது. சிறுநீரகங்கள் நாற்பது சதவீதம்தான் வேலை செய்தன.

"இடுப்பு வலிக்குப் போடுற மாத்திரை கிட்னியைக் கெடுக்கும், அதை இன்னிக்கே நிறுத்திடலாம். இப்பவே தெரிஞ்சதால மிச்சத்தைக் காப்பாத்திடலாம். நான் கோட்டை விட்டிருப்பேன்," என்ற டாக்டர் வியப்போடு கேட்டார். "இதெல்லாம் உங்களுக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தாங்க?"

"உங்களுக்குச் சொல்லிக் குடுத்தவர்தான் தம்பி. நீங்கள்லாம் எங்க வீட்டு ஹால்ல உக்காந்து பாடம் கேப்பீங்க. பக்கத்து ரூம்ல நான் மெஷின் மிதிச்சுக்கிட்டே கேட்டேன்."

முப்பது வருடம் மருத்துவக் கல்லூரியில் சிறுநீரகப் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற கணவர், மனைவியைப் பார்த்துக் கைகூப்பினார்.

"நடத்தின நானும் ஃபெயில், படிச்ச இவரும் ஃபெயில். பாஸானது நீ ஒருத்திதான்!"