இரண்டு இயந்திரங்களும் ஒரு மாங்கட்டையும்

ஒரு கொட்டகையில் விறகு பிளக்கும் இயந்திரங்கள் இரண்டு இருந்தன. ஒன்று, லாரி ஜாக்கியோடு பழைய இரும்பைச் சேர்த்து வீட்டிலேயே வெல்டிங் வைத்துச் செய்தது. மற்றது கடையில் வாங்கியது. உடம்பெல்லாம் சிவப்புப் பெயின்ட், நெற்றியில் சந்தனப் பொட்டு.

இரண்டுக்கும் நடுவில் ஒரு மாங்கட்டை கிடந்தது.

“மழைக்கு முன்னாடி யாராவது என்னைப் பிளங்கப்பா. நான் அடுப்புக்குப் போகணும்” என்றது கட்டை.

“இதோ பிளக்கறேன். ஆனா இந்த ஓட்டை ஜாக்கியையும் என்னையும் ஒண்ணா நிறுத்தினா எனக்கு என்ன மரியாதை?” என்றது கடை இயந்திரம்.

“யாருடா ஓட்டை? உனக்கு ஒரு நட்டு கழண்டாலும் கம்பெனிக்காரன் வரணும். எனக்கு ஒரு சுத்தியல் போதும்” என்றது வீட்டு இயந்திரம்.

“எனக்கு ரெண்டு வருஷம் வாரண்டி. உனக்கு?”

“அட, சண்டையை அப்புறம் போடுங்களேன்! அடியில கரையான் ஏறுது!” என்று கட்டை கத்தியது.

“கொஞ்சம் பொறு. யாரு பெரியவன்னு முதல்ல தெரியட்டும்” என்றன இரண்டும்.

மழை வந்தது, போனது. கத்திக் கத்திக் கட்டைக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவை இரண்டும் மட்டும் இன்னும் வாரண்டியிலும் வெல்டிங்கிலுமே நின்றன. கடைசியில் ஒருநாள், கரையான் தின்று தீர்த்த கட்டை தானாகவே இரண்டாக விழுந்தது. உள்ளே வெறும் மண்.



“பாத்தியா, நான் பிளந்ததை!” என்றன இரண்டும்.