மணிக்கட்டுப் பட்டை

என் கணவர் தணிகாசலம் இறந்தபோது, எங்கள் குடியிருப்பில் எல்லோர் மணிக்கட்டிலும் மனநலப் பட்டை இருந்தது. மனம் பதறினால் அது கூவும். விடாமல் கூவினால் ஆலோசகர் வந்து ஆளைத் தியான அறைக்கு அழைத்துப் போய்விடுவார். பிறகு பிணம் எடுக்கும்போதுகூட வெளியே விடமாட்டார்கள்.

ஐஸ் பெட்டிக்குள் அவர் முகத்தைப் பார்த்ததும் என் பட்டை கூவியது. குடியிருப்புச் செயலாளர் ஜெயபால் ஓடி வந்தார்.

"அடக்கிக்குங்கம்மா. இந்தப் பூசணி விதையைச் சாப்பிடுங்க, மனசு லேசாகும்."

அப்போதுதான் என் நாத்தனார் பூங்காவனம் ஊரிலிருந்து வந்தாள். வாசலிலேயே அவளுக்கும் ஒரு பட்டையைக் கட்டியிருந்தார்கள்.

"அண்ணன் சாவுக்கு விதை கொறிக்கவா வந்தேன்?" என்றவள், என் காதருகே குனிந்தாள். "அண்ணி, இந்த வீட்ல இப்பப் பதறாத ஆளு யாரு?"

நான் பதில் சொல்வதற்குள் பெட்டியின் மூடியைத் திறந்தாள். தன் பட்டையைக் கழற்றி அண்ணன் கையில் கட்டினாள். அடுத்து என்னுடையதையும் கட்டினாள். துக்கத்துக்கு வந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து கையை நீட்டினார்கள். அவர் கை முழங்கைவரை நிறைந்துவிட்டது. ஒரு பட்டைகூடக் கூவவில்லை.

பிறகு நாங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதோம்.

ஜெயபால் தன் கைபேசியில் பட்டைகளின் கணக்கைப் பார்த்துப் பூரித்துப்போனார். எங்கள் ஒப்பாரிக்கு மேல் குரலை உயர்த்தி, "இந்தக் குடியிருப்பிலேயே ரொம்ப அமைதியான வீடு உங்களுதுதாம்மா!" என்று கத்தினார்.