விலை என்ற கட்டம்

“சுஜா, ஏர்லைன்ஸ் சிஸ்டத்தையும் கஸ்டம்ஸ் சிஸ்டத்தையும் இணைச்சாச்சு. நாளைக்கு டெமோ. இன்னும் என்ன டெஸ்டிங்?” என்றார் மேனேஜர் நாகேஸ்வரன்.

“விலை சைபர்னு வர்ற சரக்கை நம்ம சாஃப்ட்வேர் ஏத்துக்க மாட்டேங்குது சார்.”

“விலையே இல்லாத சரக்கை யாரும்மா ஃப்ளைட்ல அனுப்பப் போறா? ஒரு ரூபாய்னு போட்டுத் தள்ளு.”

“போட மாட்டேன் சார். சைபரையே அது ஏத்துக்கணும்.”

சாயங்காலம் கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கிலிருந்து வீட்டுக்குப் போகும் கம்பெனி பஸ் கிளம்பியது. சுஜா கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை.

நாகேஸ்வரனுக்கு எரிச்சலாக வந்தது. “ஒரு ரூபாய்க்கா இவ்வளவு வீம்பு?”

கீபோர்டிலிருந்து கையை எடுக்காமலே சுஜா சொன்னாள்: “எங்கப்பா மஸ்கட்ல கொத்தனாரா இருந்தார் சார். போன வருஷம் அவர் பாடி கார்கோவுலதான் வந்தது. விலைக் கட்டம் காலியா இருக்கக் கூடாதுன்னு, அவருக்கு ஒரு ரூபாய்னு போட்டுத்தான் எங்க கையில குடுத்தாங்க.”

நாகேஸ்வரன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சைபரைத் தடுக்குற அந்த ரூல் எந்த ஃபைல்ல இருக்கு? காட்டு.”