பலகையின் கீழ்ப்பாதி

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியின் வாசல் உச்சியில் தொங்கிய பெயர்ப்பலகை இப்போது நீதிமன்ற மேசைமேல் சாய்ந்திருக்கிறது. மேலே முதலாளியின் பெயர் மஞ்சளில் தடித்து நிற்க, கீழே இன்னொரு பெயருக்கான இடம் வெறும் நீலமாகக் கிடக்கிறது. “பாதிக் கம்பெனி உனக்குத்தான்னு மாமா வாய்வார்த்தையாதான் சொன்னாரும்மா” என்கிறான் முதலாளிமேல் வழக்குப் போட்ட அவருடைய மச்சினன். “அது சும்மா அழகுக்கு விட்ட இடம்மா” என்கிறார் முதலாளியின் வக்கீல். நீதிபதி அம்மா எழுந்து வந்து பலகையை ஜன்னல் பக்கம் மெல்லத் திருப்புகிறார். மின்விசிறி கிறீச்சிடுகிறது. சாய்வெயில் பட்டதும் நீலத்தின் மேல் பெயிண்டர் வரைந்துவைத்த பென்சில் கோடுகள் மினுங்குகின்றன. எழுத்தெழுத்தாக மச்சினனின் பெயர். இத்தனை வருஷம் அதன் அடியிலேயே நடந்தவன், இன்றுதான் பார்க்கிறான். எல்லாத் தலையும் முதலாளி பக்கம் திரும்புகிறது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், துடைத்துக்கொண்டே இருக்கிறார். “அன்னைக்கு மஞ்சப் பெயிண்ட் தீர்ந்துபோச்சும்மா.”