எட்டாவது கரண்டி

பத்தொன்பது.

சர்க்கரை பார்க்கும் கருவியில் அந்த எண்ணைக் கண்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊர்க் கணக்கில் பத்தைத் தாண்டக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் குலப்புனிதரின் நாள் அன்று. வந்த ஏழு பேருக்கும் ஆளுக்கொரு கரண்டி எடுத்துக்கொள்ளச் செர்ரிப் பாகுத் தட்டை நீட்டும் வேலையை என் வீட்டுக்காரர் மிலிசாவிடம் கொடுத்தவள் நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"நாக்குல கூட வைக்கலடி, ரோசாந்தா."

இந்தப் பேச்சை எத்தனை வருஷமாகக் கேட்கிறேன்! பாகு ஜாடிகளை அலமாரியில் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைகிறேன். இருந்தும் பக்கத்து வீட்டில் போய் கேக் தின்றுவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு வருகிற மனுஷன்.

கத்தித் தீர்த்தேன். இவ்வளவு ஏறினால் இன்சுலின் எத்தனை யூனிட் கூடுதலாகப் போட வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்தேன். வீட்டுக்காரர் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார். ஊசியைப் போட்டேன்.

ஒரு மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவினேன். பாகுத் தட்டு கடைசியாகக் கைக்கு வந்தது.

விருந்தாளிகள் தின்ற கரண்டிகளைத் தண்ணீர்த் தம்ளரில் போட்டிருந்தார்கள். எண்ணினேன். ஏழு. நான் வைத்தது எட்டு, ஒன்று உபரியாக.

எட்டாவது தட்டிலேயே இருந்தது, நான் காலையில் துடைத்து வைத்தபடி.

தட்டைத் தூக்கினேன். விரல்கள் ஒட்டிக்கொண்டன. இரண்டு கைப்பிடியிலும் பாகு வழிந்திருந்தது.

இந்தத் தட்டைப் பிடித்த கையைக் கழுவக்கூட விடாமல் விரலில் குத்தியிருக்கிறேன். பாகையும் சேர்த்து அளந்திருக்கிறது கருவி.

ஐயோ, அப்படியானால் நான் போட்ட ஊசி?

ஓடினேன். நாற்காலியில் சட்டையெல்லாம் நனைந்து வியர்த்துக் கிடந்தார். கை வெடவெடத்தது. பார்வை என் மேல் நிற்கவில்லை.

சாவி பூட்டில் நுழைய மறுத்தது. எப்படியோ திறந்து, அந்த எட்டாவது கரண்டியில் பாகை அள்ளி அவர் வாயருகே கொண்டு போனேன்.

உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

"தின்னுங்க! உங்க காலைப் பிடிக்கிறேன், தின்னுங்க!"

யாரோ விருந்தாளியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"வேண்டாம்மா," என்றார் மரியாதையாக. "வீட்டுக்காரி பார்த்தா திட்டுவா."