இரண்டரை வயது ஞாபகம்

“இதோட நாலு தடவை சொல்லிட்டேன்மா. திரும்பி வராது.”

டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. குழந்தைகளின் மூளை, நரம்பு பார்ப்பவர். வெளியே பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். எதிரே இருந்தவளோ கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஐந்து வயது மகன் ஸ்டெதாஸ்கோப்பைத் தரையில் வைத்துப் பார்த்து, தரைக்கு உடம்பு சரியில்லை என்று அறிவித்தான்.

“இவங்க அப்பா தவறினப்ப இவனுக்கு ரெண்டரை வயசு சார். அவர் முகம், குரல், அன்னைக்கு நடந்தது, எதுவுமே தெரியலேங்கறான்.”

“யாருக்குத்தான் தெரியும்? எனக்கே தெரியாது. அந்த வயசுல, மூளையில ஞாபகத்தைப் பாத்துக்கற இடத்துல புதுசு புதுசா செல் முளைச்சுக்கிட்டே இருக்கும். அதனாலதான் சட்டுசட்டுனு கத்துக்கறாங்க. ஆனா அதுங்க உள்ள வந்து இடம் பிடிக்கிறப்ப பழைய இணைப்பெல்லாம் கலைஞ்சு போயிடுது. எலிகள்ல பாத்திருக்காங்க. வியாதி இல்லம்மா, வளர்ச்சி.”

“பெரியவனானப்புறம்?”

“வராது.”

“அது நடந்த வீட்டுக்கே கூட்டிட்டுப் போனா?”

“குடியே வெச்சாலும் வராது!” டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் போட்டார். “அப்பாவோட போட்டோ, வீடியோவெல்லாம் காட்டுங்க. கதை கதையாச் சொல்லுங்க. அவன் மனசுல அவர் புதுசா நிப்பார்.”

“அதெல்லாம் தினமும் சொல்றேன் சார். அந்த ஒரு நாள்தான்...”

“போனது போனதுதான்! எந்த மருந்தும் கொண்டுவராது. ஏம்மா இப்படிப் பிராணனை வாங்கறீங்க?”

“எழுதித் தருவீங்களா?”

“கல்லுலயே வெட்டித் தரேன். போதுமா?”

நர்ஸ் வந்து பையனை எடை பார்க்கக் கூட்டிப் போனாள். கதவு சாத்தும்வரை அவன் அம்மா காத்திருந்தாள்.

“சரிவுல நிறுத்தின கார் சார். ஹேண்ட்பிரேக்கை நான்தான் சரியாப் போடலைன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்கேன். மாமியார் வீட்டுலயும் அதையேதான் சொல்லியிருக்கேன்,” என்றாள். “அவர் காருக்குப் பின்னால நின்னு சாமான் இறக்கிட்டிருந்தார். பிரேக்கை எடுத்துவிட்டது, டிரைவர் சீட்ல ஏறி விளையாடிட்டிருந்த இவன்.”