பிடியரிசிப் பானையும் அடிக்கல்லும்

திருச்சபை நடத்தும் பிள்ளைகள் இல்லத்து வாசலில் பதித்திருந்த அடிக்கல்லுக்கு நூற்றாண்டு விழா அன்று தலைகால் புரியவில்லை. எழுத்துக்கெல்லாம் புதுசாகத் தங்கப் பெயின்ட்.

"இந்த இல்லத்துச் சரித்திரமே என்கிட்டதான் தொடங்குது" என்றது, சமையலறை ஜன்னல் வழியே தெரிந்த பானையிடம்.

பானை சிரித்தது. சபைப் பெண்கள் தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி ஒதுக்கி, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொட்டும் பிடியரிசிப் பானை அது.

"நீ வர்றதுக்கு நாலு வருஷம் முன்னாடியே, கோயில் தாழ்வாரத்துல ஆறு பிள்ளைங்க என் அரிசியில சாப்பிட்டாங்க தம்பி."

"தின்ன சோறு யாருக்கு ஞாபகம் இருக்கும்? இன்னிக்குப் பாரு, மாலை எனக்குத்தான்."

முதலில் வந்தவர் இங்கே வளர்ந்த லாரி டிரைவர் தேவசகாயம். அவர் கல்லின் முன் நின்றதும் கல் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவரோ செருப்பை அதன் கீழே கழற்றிவிட்டு, நேரே சமையலறைக்குப் போய், சட்டைப்பையில் கொண்டுவந்த ஒரு பிடி அரிசியைப் பானையில் போட்டார். பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள்.

மத்தியானம் பானை மெல்லக் கேட்டது. "என்ன தம்பி, சத்தமே இல்ல?"

"சும்மா இருங்கக்கா. நாற்பது ஜோடி செருப்பு கிடக்கு. ஒண்ணு மாறிப்போனாலும் என்னைத்தான் கேப்பாங்க" என்றது கல்.